எழுத்து வரிசையில் ஒரு சோற்றுப் பாட்டு

இன்ன எழுத்தில் தொடங்கணும், இத்தனை எழுத்து இருக்கணும் என்று ஆங்கிலப் பேப்பரில் சொற்புதிர் வருமே, அது பொழுதுபோக்கு. ஆனால் எழுத்துக் கட்டுப்பாட்டோடு எழுதிய ஒரு பாட்டு பலருக்குச் சோறு போட்டது தெரியுமா?

அருப்புக்கோட்டை பக்கம், வானம் பார்த்த பூமியான திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்தவர் வேங்கடராமன். 1892-ல் அப்பா இறக்க, மதுரைக்குப் போனார். 1896-ல் திருவண்ணாமலை. அவர்தான் ரமண மகரிஷி.

அவர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் அடியார்கள் பாடிக்கொண்டே ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். ரமணர் ஆட்கள் என்றால் ஜனங்கள் தாராளமாகப் போடுவார்கள். இதைப் பார்த்து வேறு சிலரும் அதே பெயரைச் சொல்லி வாங்க ஆரம்பித்தார்கள். அசல் யார், போலி யார்? அடையாளத்துக்குத் தனிப் பாட்டு கேட்டார்கள் அடியார்கள்.

அப்படி வந்ததுதான் அட்சரமணமாலை. 108 கண்ணிகள், அ, ஆ, இ என்று வரிசையாகத் தொடங்குபவை. ண, ழ, ள, ற, ன தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் அவை இல்லை. ஔவையின் ஆத்திசூடியும் அகர வரிசைதான். பைபிளின் 119-ஆம் சங்கீதத்தில் எபிரேய எழுத்து 22-க்கும் தலா 8 வசனம்!

வரிசை இருந்தால் புத்தகம் இல்லாமல் தெருவில் பாடுகிறவருக்கும் அடுத்த அடி நினைவுக்கு வரும். ரமணாசிரமத்தில் இன்றும் அதைப் பாடுகிறார்கள்.