தைத்து வளைத்த பலகை

ஆணி அடிக்காத படகுகளை நம்பித்தான் சென்னை தன் முதல் 240 ஆண்டுக் கடல் வணிகத்தை நடத்தியது. 1639-ல் இங்கே இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை கிடைத்தது, துறைமுகம் கிடைக்கவில்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே அலைகள் அடுக்கடுக்காக உடையும். ஐரோப்பியக் கப்பலில் இருக்கும் கனத்த படகு அந்த அலைக்குள் இறங்கி மணலில் தரைதட்டினால் அதன் சட்டமும் ஆணியும் கழன்று போகும். அதனால் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும் வேலை ஆணியில்லாமல் தைத்துச் செய்த மசூலா படகிடம் வந்தது.

திருகோணமலையில் கப்பல் கட்டும் பணிக்குத் தலைவராக இருந்த ஜான் எடி, 1834-ல் இந்தப் படகின் அளவுகளை எழுதி வைத்தார். நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10, 11 அடி, ஆழம் 7, 8 அடி. பலகைகள் அகலமானவை, ஆனால் மெல்லியவை. ஒரு பலகையின் விளிம்பிலும் அடுத்த பலகையின் விளிம்பிலும் வரிசையாகத் துளையிட்டு, சந்தின்மேல் நாரைத் திணித்து, தேங்காய் நார்க்கயிற்றால் குறுக்கும் மறுக்குமாக இறுக்கித் தைப்பார்கள். உள்ளே விலாச் சட்டம் கிடையாது. பக்கங்கள் விலகாமல் பிடித்திருக்கக் குறுக்குக் கட்டைகள் மட்டும் உண்டு. அலை தூக்கி மணலில் போடும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது.

நெளிவதைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தப் படகு உருவம் பெற்ற விதம் அதைவிடக் கவனிக்கத்தக்கது. முதலில் எலும்புக்கூட்டைக் கட்டி, அதன்மேல் பலகையை வளைத்து அறைவது ஐரோப்பியத் தச்சரின் முறை. கோரமண்டல் கரையின் தச்சரோ அப்படிச் செய்யவில்லை. தட்டையான பலகையின் விளிம்பை வளைவாக வெட்டிக்கொண்டார். இரண்டு வளைந்த விளிம்புகளை ஒன்றோடொன்று இழுத்துத் தைத்தபோது, பலகை தானே வயிறு வாங்கி நின்றது. வளைவு கயிற்றின் இழுப்பிலும் விளிம்பின் வெட்டிலும் இருந்தது. சட்டம் செய்ய வேண்டிய வேலையை இங்கே தையல் செய்தது. கப்பல் கட்டும் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் படகை ஓட்டியவர்களின் ஊர் ராயபுரம். அங்குள்ள புனித ராயப்பர் ஆலயம் 1829-ல் படகோட்டிகள் எழுப்பியது. 1856 ஜூலை 1-ல் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டபோதும் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. 1860-களின் தொடக்கத்தில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டி முடித்து, கப்பல் கரையோடு வந்து ஒட்டத் தொடங்கிய பிறகு மசூலாவுக்குச் சரக்கு வேலை குறைந்தது. ஆனாலும் கரைவலை போடும் மீனவர்களிடம் அது தொடர்ந்து உழைத்தது.

வட சென்னையில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கும் காத்திவாக்கத்துக் குப்பங்களில் அன்றாடத் தொழிலுக்குக் கட்டுமரம்தான் இருந்தது. அதில் வளைவு வேலை குறைவு. செதுக்கிய மரத்தண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்ட வேண்டும், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டுமரத்துக்கேற்ற பருத்த, எடை குறைந்த மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறியது. குடைந்து செய்யும் வள்ளங்களுக்கு வேண்டிய பெரிய மாமரங்களும் கேரளக் கரையில் அருகின. மெல்லிய பலகைக்கு மறுபடி தேவை வந்தது அப்போதுதான்.

இந்த முறை அது பிளைவுட். மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் போகுமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டுவது. கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் 1945-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் நாட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று. படகுக்கு ஆகும் மெரைன் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்று தனித் தரம் உண்டு. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக்கூடாது.

பிளைவுட்டை வளைப்பதில் ஒரு பிடிவாதமான விதி இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும். காகிதத்தைக் குழலாகச் சுருட்டலாம், கூம்பாகவும் சுருட்டலாம், பந்தின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியாது. பிளைவுட்டும் அப்படியே. மேலேட்டின் ரேகைக்குக் குறுக்கே மடக்கினால் எளிதில் இணங்கும், ரேகையோடு மடக்கினால் முரண்டும், மீறினால் விரிசல் விடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து இளக்கலாம். பின்பக்கம் ரம்பத்தால் நெருக்கமாகக் கோடு கிழித்து மடக்கலாம். அலமாரிக்கு அது சரிப்படும், தண்ணீரில் மிதக்கிற பொருளுக்கு ஆகாது. 3, 4 மில்லிமீட்டர் தாள்களை அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்தால், காய்ந்தபின் வளைவு அப்படியே நிற்கும். 1940-ல் பறந்த பிரிட்டனின் மொஸ்கிட்டோ போர் விமானத்தின் உடல் இந்த வகையில் உருவானதுதான். ஆனால் அதற்கு அச்சு வேண்டும், அழுத்தம் வேண்டும், ஆலை வேண்டும்.

அச்சில்லாத வழியொன்று 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றது. பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் என்ற இருவர் வடிவமைத்த மிரர் என்னும் சிறு பாய்மரப் படகை யாரும் வீட்டிலேயே கட்டலாம். வெட்டிய பிளைவுட் தாள்களின் விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கி, சந்தில் பிசினும் கண்ணாடி இழைப் பட்டையும் ஒட்ட வேண்டும். இத்தகைய படகுகள் 70,000-க்கு மேல் செய்யப்பட்டன. மசூலா தச்சரின் கயிற்றுக்குப் பதில் கம்பி, நாருக்குப் பதில் பிசின். விளிம்பை வளைவாக வெட்டி, இழுத்துத் தைத்து, தட்டைப் பலகைக்கு வயிறு கொடுக்கும் சூட்சுமம் மட்டும் அதே சூட்சுமம்.

அந்த முறை தமிழ்நாட்டுக்கு வந்தது கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில். 1980-களின் தொடக்கத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கமும் பிரிட்டனைச் சேர்ந்த இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து அங்கே பிளைவுட் படகுகளைச் செய்து பார்த்தன. வடிவமைப்பில் எட்வின் கிஃபோர்ட் உதவினார். அந்த முயற்சியின் அல்லல்களைப் பியர் ஜில்லே 1985-ல் தனி நூலாகவே எழுதினார். முதல் படகுகள் மீனவர்களுக்கு ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்ப மாற்றினார்கள். பிறகு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய பட்டறைகளிலிருந்து இத்தகைய படகுகள் ஆயிரக்கணக்கில் குமரி, கேரளக் கரைகளுக்குப் போயின. எட்டுக்கு நாலடித் தாள்களை நுனியில் சரிவாகச் சீவி ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கும் வேலையையும், மடிப்புச் சந்தில் பிசின் பூசும் வேலையையும் முட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் கைத்தொழிலாக்கிக்கொண்டார்கள்.

வட சென்னையில் அது பரவவில்லை. எண்ணூர்ப் பக்கத்துக் கட்டுமரக்காரர்கள் பெரும்பாலும் நேராக ஃபைபர் படகுக்கு மாறினார்கள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்தவற்றிலும் ஃபைபரே அதிகம். மணலில் இழுத்து இழுத்து மேல்பூச்சு தேய்ந்தால் பிளைவுட்டின் விளிம்பு தண்ணீர் குடிக்கும் என்பதைப் பார்த்தால், அவர்கள் தேர்வில் நியாயம் இருக்கிறது.

பிளைவுட்டை வேறு வடிவில் இந்தப் பகுதியின் தொழில் தேடிக்கொண்டது. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய எண்ணூர் ஆலையிலிருந்து, கூடு கட்டாத சேசிஸ்கள் வெளியே போகும். திறந்த வெளியில் உட்கார்ந்து, கண்ணாடியும் தலைக்கவசமும் அணிந்த ஓட்டுநர்கள் அவற்றைக் கரூர்ப் பட்டறைகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் ஓட்டிச் செல்வதைக் காத்திவாக்கத்துப் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தார்கள். பேருந்தின் தரையில் கிடக்கும் தடித்த பலகை பிளைவுட். சினிமாக்காரர்களின் கேரவனுக்குள் அலமாரி முனைகளையும் கூரை ஓரங்களையும் உருட்டித் தருவது, எல்லா ஏட்டின் ரேகையும் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் வளையும் பிளைவுட்.

ஃபைபர் படகிலும் பிளைவுட் இல்லாமல் இல்லை. எஞ்சின் மாட்டும் பின்பலகை வெறும் கண்ணாடி இழையாக இருந்தால் அதிர்வு தாங்காது. அதனால் உள்ளே பிளைவுட் வைத்து இருபுறமும் இழை போர்த்துகிறார்கள். போல்ட் துளையைப் பிசினால் சரியாக அடைக்காவிட்டால் உப்புநீர் கசிந்து, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே பலகை மக்கும். பழுது பார்ப்பவர் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மந்தமான சத்தம் வரும் இடத்தில் இழையை அறுத்து, மக்கிய பிளைவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பலகையைப் படகின் வளைவுக்கு இழைத்துப் பொருத்தி, மறுபடி பிசின் பூசிக் கொடுப்பார்.