தபாலில் கேட்பதும் தொலைபேசியில் கேட்பதும்

உதவி பெறுபவரிடமே "உதவி எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை இரு அரசுகள் இரு விதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2010-11இல் தொடங்கிய சமூகப் பராமரிப்புக் கணக்கெடுப்பு தபாலில் வருகிறது. தமிழ்நாட்டில் 2024 மார்ச் 6 அன்று தொடங்கிய 'நீங்கள் நலமா' திட்டத்தின் கேள்வி தொலைபேசியில் வந்தது. முன்னதில் கேட்பது முகம் தெரியாத உள்ளாட்சி மன்றம். பின்னதில் கேட்டவர் முதலமைச்சராகவோ அமைச்சராகவோ மாவட்ட ஆட்சியராகவோ இருக்கலாம். இவ்விரண்டையும் தஞ்சைச் சீமையிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தால், வேற்றுமையை எதிர்பார்த்த இடங்களில் ஒற்றுமை தலைகாட்டுகிறது.

வேற்றுமையை முதலில் சொல்லிவிடலாம். தபாலில் வரும் படிவம் பதிலை எண்ணாக்குகிறது. பெருந்திருப்தியில் தொடங்கிப் பெரும் அதிருப்தி வரை ஏழு படிகள். அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குப் படங்களோடு எளிய படிவம் தனியே உண்டு. மேல் இரண்டு படிகளில் குறியிடுவோர் ஏறத்தாழ மூவரில் இருவர். ஆண்டுகள் மாறினாலும் இந்த அளவு பெரிதாக அசைவதில்லை. அழைப்போ பதிலைக் காரியமாக்க முனைகிறது. மாத்திரை வரவில்லை என்றால், அதை அனுப்பச் சொல்லும் அதிகாரம் உள்ளவரே மறுமுனையில் இருக்கிறார். படிவத்தால் ஒருவருடைய குறையைத் தீர்க்க முடியாது. அழைப்பால் ஒரு வட்டாரத்தின் நிலையை அறிய முடியாது.

இனி ஒற்றுமை. பாபநாசம் பக்கத்தில், நாற்றுப் பறித்தும் நட்டும் முதுகு வளைந்த ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்வோம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் வழியே சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. "மாத்திரை ஒழுங்கா வருதாம்மா?" "வருதுய்யா. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு." இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு முதியவரை இரவு படுக்கவைக்க வேண்டிய பணியாளர் மாலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முதியவரும் மேல் படியிலேயே குறியிடக்கூடும், ஏனென்றால் வருகிற பெண் அன்பானவர். இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்வி ஏற்பாட்டைப் பற்றியது, பதில் ஆளைப் பற்றியது. மூதாட்டியின் மூட்டுவலிக்கு இயன்முறை மருத்துவர் வர வேண்டியிருக்கலாம். முதியவருக்கு ஒன்பது மணிவரை விழித்திருக்க ஆசை இருக்கலாம். அவை பதிலுக்குள் வரவே இல்லை.

குறை சொல்லத் தயங்குவதிலும் இருவரும் கூட்டாளிகள், காரணம் மட்டும் தலைகீழ். காவிரி டெல்டாவில் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண். "பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருபவர். அவரைப் பற்றி மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாளை எப்படி முகம் பார்ப்பது? இங்கிலாந்தில் வருபவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அடுத்த மாதம் வேறொருவர் வரலாம். அங்கே பயம், ஒதுக்கிய நேரத்தைக் குறைத்துவிடுவார்களோ என்பது. நெருக்கத்தால் ஒரு மௌனம், அந்நியத்தால் இன்னொரு மௌனம்.

இந்தத் தயக்கத்துக்கு இரு நாட்டிலும் வயது அதிகம். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் போன்ற மராத்தியர் கால அறச்சாலைகளில், கொடுத்தவரை வாழ்த்துவதே உண்டவரின் பதில். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி 2023இல் 1,200 ரூபாய் ஆன பிறகும், அந்தப் பணம் வாங்குபவர் வாயில் "மகராசனா இருக்கணும்" என்பதுதான் முதலில் வருகிறது. இங்கிலாந்திலும் ஏழையர் சட்டம் முற்றாக நீங்கியது 1948இல்தான். கையேந்திய கூச்சம் சட்டத்தோடு ஒழிந்துவிடுவதில்லை. உரிமையைப் பெறுபவர் தானம் பெற்றவர்போல் பேசுகிற இடத்தில், திருப்தி என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பது என் துணிபு.

ஒன்றில் படிவம் முந்திக்கொள்கிறது. நீங்களே நிரப்பினீர்களா, யாராவது உதவினார்களா, உதவியவர் வீட்டாரா பராமரிப்புப் பணியாளரா என்று அது இறுதியில் கேட்கிறது. நம் மூதாட்டிக்கான அழைப்பு பேரனுடைய கைபேசிக்கு வரும், ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள், மருமகள் அருகில் நிற்பார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாது.

வேறொன்றில் இரண்டுமே தோற்கின்றன. படிவம் போவது மன்றத்தின் உதவி கிடைத்தவர்களுக்கு. அழைப்பு போனது பயனாளிகள் பட்டியலில் இருப்பவர்களுக்கு. விண்ணப்பித்துக் காத்திருப்பவர், தள்ளுபடி ஆனவர், இருவருமே கணக்கில் இல்லை. அந்த இடத்தை நிரப்ப நம்மிடம் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய கிராம சபையில், பட்டியலில் இல்லாதவர் எழுந்து "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்கலாம். இங்கிலாந்துப் படிவத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆனால் தான் கூலிக்கு நட்ட வயலின் சொந்தக்காரர் முன்வரிசை நாற்காலியில் இருக்க, குடிசைத் தெருவிலிருந்து வந்த ஒரு கிழவி எழுந்து பேசுவது டெல்டாவில் இன்றும் சிறிய காரியம் அல்ல.

படிவத்தில் என்னை மிகவும் கவர்ந்தது திருப்தியைக் கேட்கும் கேள்வி அன்று. கெண்ட் பல்கலைக்கழகத்தார் வகுத்த அளவுகோலிலிருந்து வந்த சில கேள்விகள் அதில் உண்டு: விரும்பிய உணவு விரும்பிய நேரத்தில் கிடைக்கிறதா, விரும்பியபடி சுத்தமாக உடுத்தி இருக்க முடிகிறதா, அன்றாட வாழ்வு உங்கள் கையில் இருக்கிறதா, உதவி பெறுவது உங்களைப் பற்றி உங்களையே எப்படி நினைக்கவைக்கிறது. பெரும்பாலானவற்றில் கொடுப்பவர் பேச்சே இல்லை. யாரையும் புகழவோ பழிக்கவோ வேண்டாத கேள்விக்கு மனம் எளிதாகத் திறக்கிறது.

இவற்றைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தால் உருவம் மாறும். காப்பி வேண்டும் என்று தோன்றும்போது கிடைக்கிறதா? ஓய்வூதியம் வாங்கும்போது, நடவில் தேய்ந்த விரலுக்கு வங்கி முகவரின் கருவியில் ரேகை விழுகிறதா? பணம் கொடுக்கும்போது யாராவது ஏதாவது பிடித்துக்கொள்கிறார்களா? வந்த பணம் யார் கையில் இருக்கிறது? முதல் மூன்றைக் கிராம சபையிலேயே கேட்கலாம். நான்காவதைச் சபையிலும் கேட்க முடியாது, ஸ்பீக்கரில் போட்ட கைபேசியிலும் கேட்க முடியாது. அதற்கு அந்த ஊரைச் சேராத ஒருவர், வீட்டார் நடவுக்குப் போயிருக்கும் முற்பகலில் நேரில் போய்த் திண்ணையில் உட்கார வேண்டும்.