லோணார்: விண் உருக்கிய கண்ணாடி

வானத்தினின்றும் ஒரு மீன் எரிந்து வீழக் கண்ட கூடலூர் கிழார் என்னும் புலவர், தம் அரசனாகிய கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் அவன் மறைந்தான் என்ற செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. புலவரின் கவலை முழுவதும் அரசனைப் பற்றியது. வீழ்ந்தது எது, அது வீழ்ந்த நிலம் என்னாயிற்று என்னும் கேள்விகள் பிற்காலத்தவை. அக்கேள்விகளுக்கு மண்ணிலேயே விடை எழுதி வைத்திருக்கும் ஓரிடம், நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட இந்த மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. தாதரிலும் செம்பூரிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவருள் பலர் அதனைக் கண்டதில்லை.

புல்தாணா மாவட்டத்து லோணார் ஏரியே அவ்விடம். மும்பையிலிருந்து இரயிலில் ஜால்னா சென்று, அங்கிருந்து பேருந்தில் போகலாம். பருத்திக் காடுகளினூடே செல்லும்போது ஏரி இருப்பதற்கான அறிகுறி எதுவும் தென்படாது. சிறு மேடொன்றில் ஏறியதும் காலடியில் நிலம் திடீரென விலகி, வட்டமாக வெட்டி எடுத்தாற்போன்ற பெரும்பள்ளம் தோன்றும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,830 மீட்டர். ஆழம் ஏறக்குறைய 150 மீட்டர். அடியில் பச்சை நிறத்தில் உவர்நீர். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்நீர் இளஞ்சிவப்பாக மாறி, செய்தித்தாள்களில் எல்லாம் இடம்பெற்றது அன்பர்கள் நினைவில் இருக்கலாம். உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்றனர் ஆய்வாளர்.

லவணாசுரனைத் திருமால் வதைத்த இடம் இது என்பது தலபுராணம். ஊரில் உள்ள தைத்தியசூதனர் ஆலயம் அக்கதைக்குச் சான்றாக நிற்கிறது. அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபசல் தம் அயினி அக்பரியில், கண்ணாடியும் சவர்க்காரமும் செய்வதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் இவ்விடத்து மலைகளில் கிடைப்பதாகக் குறித்தார். கண்ணாடி செய்யும் பொருள் உண்டு என்றாரே தவிர, கண்ணாடியே அங்குச் செய்து வைக்கப்பட்டிருந்தது என்பதை அவர் அறிந்திலர். 1823-இல் இவ்வேரியைக் குறித்து எழுதிய ஆங்கிலேய அதிகாரி அலெக்சாந்தரும் அறிந்திலர். அவருக்குப் பின் நெடுங்காலம் இதனை எரிமலையின் வாய் என்றே கொண்டனர். தக்காணம் முழுவதும் ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பசால்ட் பாறையாதலின், அக்கருத்தைக் குறை கூறுவதற்கில்லை.

விண்கல் மோதிய பள்ளமாக இருக்கலாம் என்ற ஐயம் 1960-களில் வலுத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தாரும் இந்திய நிலவியல் ஆய்வகத்தாரும் சேர்ந்து ஏரிப்படுகையைத் துளையிட்டு ஆராய்ந்தனர். 1973-இல் ஃப்ரெட்ரிக்சன், தூபே, மில்டன், பாலசுந்தரம் என்னும் நால்வர் பெயரில் முடிவு வெளியாயிற்று. நாலாவது பெயரைப் படித்ததும் என் மனம் ஒரு கணம் துள்ளியதை மறைப்பானேன்! எரிமலை அன்று, விண்கல்லே என்பது அவர்கள் தீர்ப்பு. அதற்குச் சாட்சி சொன்னது கண்ணாடி.

அச்சாட்சியின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு விளையும். அதே பாகைச் சட்டெனக் குளிரச் செய்தால் மணி பிடிக்க நேரமின்றிப் பளபளவென்று இறுகிவிடும். பாறையும் அவ்வாறே. விண்கல் மோதிய கணத்தில் உருகிய பசால்ட், துளித்துளியாய்த் தெறித்து, வானிலேயே குளிர்ந்து கண்ணாடியாயிற்று. கடுகளவினும் சிறிய உருண்டைகளாகவும், குமிழிகள் நிறைந்த கருங்கட்டிகளாகவும் பள்ளத்தைச் சுற்றி அது வீழ்ந்தது. இவ்வுருண்டைகளைச் சந்திரனிலிருந்து அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த மண்ணோடு ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கிய உறவின என்று அந்நால்வரும் எழுதினர்.

இதனினும் வியப்பானது மாஸ்கெலினைட் என்பது. உருகாமலே, மோதலின் அதிர்ச்சி ஒன்றாலேயே கண்ணாடித் தன்மை எய்திய கனிமம் அது. எந்த எரிமலையாலும் அதனை ஆக்க இயலாது. லோணாரில் அது கிடைத்ததும் வழக்கு முடிந்தது. இக்கனிமம் முதன்முதல் அறியப்பட்டதும் நம் நாட்டில் வீழ்ந்த கல்லில்தான்! 1865-இல் பீகாரத்து ஷேர்காட்டியில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அதனை 1872-இல் ஆராய்ந்த செர்மாக் என்னும் அறிஞர், இலண்டன் அருங்காட்சியகத்து மாஸ்கெலின் என்பாரின் பெயரை அதில் கண்ட புதுப்பொருளுக்குச் சூட்டினார்.

கண்ணாடி காலத்தையும் காட்டும். உருகிய கணத்தில் பாறையின் பழைய கடிகாரம் அழிந்து புதிதாக ஓடத் தொடங்குகிறது. லோணார்க் கண்ணாடியை ஒருமுறையால் அளந்தோர் ஏறத்தாழ 52,000 ஆண்டு என்றனர். 2011-இல் வேறு முறையால் அளந்தோர் ஏறத்தாழ 5,70,000 ஆண்டு என்றனர். இடைவெளி சிறிதன்று. இரு சாராரும் நம்பி நிற்பது, இன்ன இடத்தில் எடுக்கப்பட்டது என்று குறிக்கப்பட்ட சில கண்ணாடித் துண்டுகளையே.

இடத்தின் குறிப்பு இல்லாத கண்ணாடி என்னாகும் என்பதற்கு எகிப்து சான்று. துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த மார்பணியின் நடுவே மஞ்சள் நிற வண்டு ஒன்று செதுக்கிப் பதிக்கப்பட்டுள்ளது. 1922-இல் கல்லறையைக் கண்டெடுத்த ஹோவார்ட் கார்ட்டர் அதனை வேறொரு மணிக்கல் என்று கருதினார். 1932-இல் பாட்ரிக் கிளேட்டன் என்னும் நில அளவையாளர் லிபியப் பாலைவன மணலில் மஞ்சள் கண்ணாடிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். அவ்வண்டும் அக்கண்ணாடியே என்பது 1990-களில்தான் உறுதியாயிற்று. ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் ஆண்டு பழைமையுடையது அது. ஆயினும் அதனைப் பெற்ற தாய்ப்பள்ளம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. வானிலேயே வெடித்த ஒன்றின் வெம்மையால் மணல் உருகிற்று என்பாரும், தரையில் மோதியதால் உருகிற்று என்பாரும் வாதிட்டு வருகின்றனர். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மோதலையே ஆதரித்தது. இதற்கிடையே அக்கண்ணாடி கிராம் கணக்கில் விற்பனையாகிறது. லோணாரிலோ பள்ளமும் கண்ணாடியும் அருகருகே உள்ளன. தாயும் சேயும் பிரியாத இடம் அது.

பிரித்தவன் ஒருவனை நான் அறிவேன். 2012-இல் மனைவியோடும் எட்டு வயது மகனோடும் லோணார் சென்றேன். ஏரிச்சூழல் 2000-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குக் காப்பிடம் ஆக்கப்பட்டிருந்தது. அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே உள்ளே சென்றேன். திரும்பும் வழியில் மகன் காட்டிய கருநிறக் கட்டியொன்றை, குமிழிகளின் அழகில் மயங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பிள்ளை எடுத்தான் என்று சொல்லலாம்; எடுத்தது நான்தான்.

தேவ்நாரில் எங்கள் குடியிருப்பில் அப்போது நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பெருமையோடு காட்டினேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தம்பி, இது மேட்டின் எந்தப் பக்கத்தில் கிடந்தது? மண்ணின் மேலா, உள்ளா? உள்ளே என்றால் எத்தனை அடி?” என்று கேட்டார். ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலம் தள்ளுபவன் நான். கோப்பெண்ணும் தேதியும் கிழிந்துபோன காகிதம் அலுவலகத்தில் என்ன மதிப்புப் பெறும் என்பதை எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

2016 ஜனவரியில் தேவ்நார்க் குப்பைமேடு பற்றியெரிந்து நகர் முழுதும் புகை மூடியது. 1927 முதல் இந்நகரம் கழித்ததெல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது. அதன்பின் சில மாதங்கள் கழித்து, நாம் ‘பங்கார்’ என்று சொல்லிப் பழகிவிட்ட காயலான் கடையிலிருந்து என் மகன் ஒரு கட்டியைக் கொண்டுவந்தான். புட்டிகள் தீயில் உருகிச் சாம்பலோடு சேர்ந்து இறுகியது; கருமை, குமிழி, பளபளப்பு யாவும் அதிலும் இருந்தன. அதனை லோணார்க் கல் இருந்த பிஸ்கட் டப்பாவிலேயே போட்டு வைத்தான். எது எதுவென்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெரியவரிடமே மீண்டும் போனேன். “ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் ஒரு நாளில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பசால்ட்டில் இரும்பு மிகுதி, புட்டிக் கண்ணாடியில் குறைவு” என்றார். சொல்லியபின் லோணார்க் கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாமே என்றேன். “எங்கே வைப்பீர்கள்?” என்றார் அவர். நூறடி தள்ளி வைத்துவிட்டால், பின்னால் வருகிறவன் அதை அங்கேயே வீழ்ந்ததென்று நம்பி எழுதுவான். எடுத்தது ஒரு பிழையென்றால், பொய்ச்சாட்சி வைப்பது மற்றொன்று என்று விளக்கினார்.

பெரியவர் பின்னர் தம் மகளோடு வசிக்கப் பூனா சென்றுவிட்டார். என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். கட்டிகள் இரண்டும் பழைய டப்பாவிலேயே இருக்கின்றன. சென்ற ஆண்டு அவன் அதன் மூடியின்மேல் ஒரு காகிதம் ஒட்டினான்: “ஒன்று லோணார், 2012, வெளிமேடு, இடம் குறிக்கவில்லை. மற்றொன்று தேவ்நார், 2016.” தன் கையெழுத்தை இட்டுவிட்டு, அதன்கீழ் என்னையும் கையொப்பமிடச் சொன்னான். இட்டேன்.