முதலுதவிப் பயிற்றுநர் ஆவது எப்படி?

விடுமுறை நாள் வந்தால் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைகளுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்கிறோம். திருப்போரூர் வழியாகச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வாகனங்கள் விரைகின்றன. ஒருவர் அலையில் சிக்கினாலும் சாலையில் விழுந்தாலும் 108-ஐ அழைக்கிறோம். அது சரிதான். ஆனால் இதயம் நின்றுவிட்டால் 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த உயிருக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் துணை.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஊரில் சிலர் கற்றால் மற்றவர்களின் கடமை நீங்கும்; எவருமே கற்காவிட்டால் எல்லோரும் பொறுப்பாளிகள். முதலுதவியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எனவே ஒவ்வொரு மஹல்லாவிலும் முறையாகக் கற்பிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

பயிற்றுநர் எதற்கு?

வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பது, தீக்காயத்தில் பற்பசை தடவுவது, பாம்பு கடித்த இடத்தைக் கீறிக் கயிறு கட்டுவது, நீரில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவது ஆகிய எல்லாமே தவறு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இவை தீங்காகவோ கால விரயமாகவோ முடியும். தீக்காயத்தின் மீது குளிர்ந்த குழாய் நீரைச் சுமார் 20 நிமிடம் ஊற்ற வேண்டும். பாம்பு கடித்தவரை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தலைமுறையாக வந்த பழக்கம் ஒரு துண்டறிக்கையால் மாறாது. நேரில் செய்து காட்டித் திருத்த ஆள் வேண்டும்.

படிகள்

1. முதலில் முதலுதவியாளர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், 1920-இல் தொடங்கப்பட்ட இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை பொதுமக்களுக்கு இப்பயிற்சியை அளிக்கின்றன.

2. அடுத்தது பயிற்றுநர் பயிற்சி. பாடத்தை எப்படி நடத்துவது, பயிற்சிப் பொம்மையில் மாணவர் செய்யும் தவறை எப்படித் திருத்துவது, தேர்வை எப்படி நடத்துவது என்பவை இதில் கற்பிக்கப்படும்.

3. பிறகு, அனுபவமுள்ளவர் முன்னிலையில் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அமெரிக்க இதயச் சங்கத்தின் முறையில், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் ஒன்றில் இணைந்த பின்பே பயிற்றுநராக முடியும்.

4. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அச்சங்கத்தின் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்கே செல்லும். மருத்துவ வழிகாட்டுதல்கள் மாறும்போது பயிற்றுநரும் மாற வேண்டும்.

ஒருநாள் முகாமில் கலந்துகொண்டதற்குத் தரப்படும் காகிதம் பயிற்றுநர் தகுதி ஆகாது. பொதுமக்களுக்கான வகுப்பை நடத்த மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அமைப்புக்கு அமைப்பு நிபந்தனை வேறுபடும். பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தகுதி வேலைக்கும் உதவும். 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதற்குச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளரும் வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஆலத்தூர் போன்ற தொழிற்பேட்டைகள் நமக்கு அருகிலேயே உள்ளன.

கடலோரத்துக்கான பாடம்

திடீரென மயங்கி விழுந்து, மூச்சும் இல்லாத பெரியவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சி இல்லாதவர் இதை மட்டும் செய்தாலே போதும். நீரில் மூழ்கியவரின் நிலை வேறு. அவருக்குக் குறைந்துபோனது ஆக்ஸிஜன். எனவே பயிற்சி பெற்றவர் முதலில் வாய்வழியாக மூச்சு கொடுத்து, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடர வேண்டும். இந்த வேறுபாட்டை நம் பகுதிப் பயிற்றுநர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

பெண்களும் முன்வர வேண்டும்

குழந்தையின் தொண்டையில் கடலை சிக்குவதும் கொதிநீர் கொட்டுவதும் பெரும்பாலும் வீட்டில்தான். அப்போது அருகில் இருப்பவர் தாயோ பாட்டியோதான். ஆண் நடத்தும் வகுப்பில் பொம்மையைத் தொட்டுப் பழகக் கூச்சப்படும் நம் பெண்கள், ஒரு பெண் கற்றுக்கொடுத்தால் தயங்காமல் செய்வார்கள். எனவே ஜமாஅத்தார் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்தே அனுப்புவது நல்லது. ஆபத்து நேரத்திலோ ஆண், பெண் என்று பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் தொடுவதற்கு மார்க்கம் அனுமதிக்கிறது.

போலீஸ் பயம் வேண்டாம்

விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு (2019) பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் 18.12.2021 அன்று நம் மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. இவற்றையும் வகுப்பில் சொல்ல வேண்டும். கைகள் பழகியிருந்தாலும் மனம் பயந்தால் உதவி நின்றுவிடும்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நம் மஹல்லாவிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சிச் செலவை ஊரே ஏற்கட்டும். ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக!