பன்றித் தீவனத்தில் என்சைம் கலப்பது ஏன்? காரணம் குட்டியோட வயிறு!

பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு பெரிய எதிரி வயிற்றுப்போக்கு. இதைத் தடுக்க ஐரோப்பியப் பண்ணைகளில் ஜிங்க் ஆக்சைடை மருந்து அளவில் தீவனத்தில் கலந்து வந்தாங்க. மண்ணில் துத்தநாகம் சேர்கிறது என்பதால் 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியது.

இப்போ பார்வை புரதத்தின் மேல். சோயா புண்ணாக்கை குட்டியின் வயிறு முழுசா செரிக்காது. மிச்சப் புரதம் பெருங்குடலுக்குப் போனால் கெட்ட பாக்டீரியாவுக்கு விருந்துதான்! புரோட்டியேஸ் என்சைம் அந்தப் புரதச் சங்கிலியை நறுக்கி, சிறுகுடலிலேயே சத்து சேர உதவுகிறது. சாணத்தில் வீணாகும் நைட்ரஜனும் குறையும்.

ஆனா எல்லாப் பண்ணையிலும் ஒரே பலன் கிடைப்பதில்லை. என்சைமும் ஒரு புரதம்தானே? பெல்லட் தயாரிக்கும்போது 80 டிகிரியைத் தாண்டும் சூட்டில் கெட்டுப்போகலாம். அதனால் மேல்பூச்சு கொடுத்தோ, பெல்லட் ஆறியதும் தெளித்தோ சேர்க்கிறாங்க.