சப்வூஃபர் வாங்கினால் மட்டும் போதுமா? பொருத்தும் முறையும் தெரிய வேண்டும்

தீபாவளி, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என எந்த விசேஷமானாலும் நம் வீடுகளில் பாட்டுக்குக் குறைவிருக்காது. அதற்காகவே பலர் நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழித்து சப்வூஃபர் வாங்குகிறார்கள். ஆனால், பல வீடுகளில் ‘டும் டும்’ என்ற இடிதான் கேட்கிறது. பாடுபவரின் சொல் காதில் விழுவதில்லை. வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் அந்த இடி அண்டை வீட்டாரின் தூக்கத்தையும் கெடுக்கிறது. இதைக் கேட்டு, இன்னும் பெரிய பெட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. அதற்கு முன், இருக்கும் பெட்டி சரியாகப் பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது.

சப்வூஃபரின் வேலை

ஒரு வினாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கையே ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று விற்கப்படும் ஸ்பீக்கராக இருந்தாலும், 5 அங்குலக் கூம்பு கொண்ட சிறிய பெட்டிகள் பொதுவாக 60 ஹெர்ட்ஸ் அளவிலேயே தளர்ந்துவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இப்படி விடுபடும் கனத்த ஒலியை நிரப்புவதே சப்வூஃபரின் வேலை. சரியாகப் பொருத்திவிட்டால் அது தனியாகக் கேட்காது. அணைத்தால்தான் ஏதோ குறைவது தெரியும்.

கிராஸ்ஓவர் அளவு

எந்த அளவுக்குக் கீழே சப்வூஃபர் வேலை செய்ய வேண்டும் என்பதை கிராஸ்ஓவர் திருகு முடிவு செய்கிறது. 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். ஆண் குரலின் அடிப்பகுதி ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸில் தொடங்குவதால், திருகை 150-க்கு ஏற்றினால் பாடகரின் குரலில் ஒரு பகுதி மூலையில் இருக்கும் பெட்டியிலிருந்து வரும். சொல் தெளிவில்லாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஏவி ரிசீவர் இருந்தால், அதில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சப்வூஃபரில் உள்ள திருகை அதன் உச்ச அளவில் விட்டுவிடுங்கள். இரண்டிலும் குறைத்தால் ஒலி இரண்டு முறை வெட்டுப்படும்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர்கள் முழு ஒலியையும் வாங்கிக்கொள்ளும். அப்போது அவை தளரும் இடமான 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் திருகை வைத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பது?

80 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 4 மீட்டருக்கும் அதிகம். அது சுவரில் மோதித் திரும்பும்போது அறையின் ஓரிடத்தில் இரட்டிப்பாகும். வேறோர் இடத்தில் மறைந்துவிடும். 15 அடி நீள அறையில் சுமார் 38 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் தனியாகக் குமுறுவது இதனால்தான். மூலையில் வைத்தால் குமுறல் இன்னும் கூடும்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பாஸ் சீராக வரும் பாடலை ஒலிக்க விடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் பாஸ் ஏற்ற இறக்கமின்றிக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள்.

ஃபேஸ், ஒலி அளவு

பின்புறத்தில் 0, 180 என்று குறித்த ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றுக்கொன்று எதிராக அதிர்ந்தால் ஒலி மெலியும். நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு, மற்றொருவரை சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். எது நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

கடைசியாக ஒலி அளவு. பூஜ்யத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பாஸ் தனியாகத் தெரியத் தொடங்கியதும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். பழைய மெல்லிசை, நாதஸ்வரம் தவில், உருமி மேளம், புதிய திரைப்பாடல் என நாலைந்து வகை கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரே பாட்டை வைத்து அளவு பார்த்தால் மற்றவை கெடும்.

அண்டை வீட்டாருக்காக

கனத்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி சப்வூஃபரை வைக்காதீர்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் தரை வழியே பரவும் அதிர்வு குறையும். காற்றில் பரவும் ஒலியை அது தடுக்காது. எனவே, இரவில் சப்வூஃபரின் அளவை மட்டும் தனியாகக் குறைத்துவிடுங்கள். பாட்டின் சொற்கள் அப்போதும் உங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும்.