பத்து பவுண்டு வைத்தியன்

34 வயது வரைக்கும் நான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்த்ததில்லை. செல்வராகவன் எடுத்ததை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நான் சொல்வது 1965 ஜூலையில் வந்த பி.ஆர். பந்துலுவின் படம். எங்கள் எம். புதுப்பட்டியில் இதை வெளியே சொன்னால் “நீ எந்த ஊர்க்காரன்டா?” என்று கேட்பார்கள். பொங்கல் சாட்டினால் மூன்றாம் நாள் ராத்திரி டெக் வாடகைக்கு எடுத்து எம்ஜிஆர் படம் போடுவது வழக்கம். எழுத்து ஓடி முடிவதற்குள் நான் தூங்கிவிடுவேன். பிறகு இன்ஜினியரிங், ஹாஸ்டல், லேப்டாப். கடற்கொள்ளையர் படம் என்றால் ஜானி டெப் என்று ஆகிப்போனது. எம்ஜிஆர் படங்கள் அப்பா தலைமுறையின் சொத்து, நமக்கென்ன என்றொரு அலட்சியம். 2014ல் அதே படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டு, சென்னையில் 175 நாளைத் தாண்டி ஓடியபோதும் நான் போகவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பட்டாசு சீசன் முடிந்து ஊரே அசந்து கிடக்கும் நாட்கள் அவை.

முதல் அரைமணி நேரத்திலேயே எனக்கு ஒன்று உறைத்தது. நெய்தல் நாட்டில் சர்வாதிகாரி ஆட்சி. மணிமாறன் ஒரு வைத்தியன், அரசியலில் இல்லாதவன். கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்குப் பிடிபட்டு, அவர்களோடு சேர்த்துத் தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். இது ‘கேப்டன் பிளட்’ ஆயிற்றே! 1935ல் மைக்கேல் கர்ட்டிஸ் எடுத்தது, எரால் ஃபிளின் நடித்தது. அதில் அந்த வைத்தியனைப் பத்து பவுண்டுக்கு ஏலம் எடுப்பாள் நாயகி. பின்னால் அவள் கொள்ளையர் கையில் சிக்கும்போது அவன் விலை கொடுத்து அவளை மீட்பான். பந்துலுவிலும் பூங்கொடியைக் கொள்ளையர்கள் ஏலம் விடுகிறார்கள், மணிமாறன் எடுக்கிறான். ‘காப்பி’ என்று கண்டுபிடித்ததில் அல்ப சந்தோஷம் வந்தது. ஆனால் நூல் பிடித்துப் பின்னால் போனால் கதை அங்கேயும் நிற்கவில்லை.

கர்ட்டிஸ் படம் 1922ல் ரஃபேல் சபாட்டினி எழுதிய நாவல். அந்த நாவலுக்குப் பின்னால் ஹென்றி பிட்மன் என்ற நிஜ வைத்தியர் இருக்கிறார். 1685ல் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் மன்மத் கோமகன் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கலகம் செய்தார். செட்ஜ்மூர் சண்டையில் கலகம் நொறுங்கியது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்ட பிட்மனும் பிடிபட்டார். நீதிபதி ஜெஃப்ரீஸ் நடத்திய விசாரணைகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தூக்கு. 800க்கும் மேற்பட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பார்படோஸில் அவர்கள் 10 வருஷம் உழைத்துத் தீர்க்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். பிட்மனை வாங்கிய முதலாளியின் பெயர் பிஷப். அந்தப் பெயரைச் சபாட்டினி அப்படியே வைத்துக்கொண்டார். சாப்பாடு சரியில்லை, இனி வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று பிட்மன் சொன்னதற்கு, முதலாளி பிரம்பால் அடித்து, கால்களைக் கட்டையில் மாட்டி வெயிலில் போட்டார். 1687ல் சிலரோடு சின்னப் படகில் தப்பிய பிட்மன், இரண்டு வருஷம் கழித்துத் தன் கதையை அச்சிட்டார்.

பிட்மன் பட்டதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பார்படோஸ் கரும்புக்காட்டில் பல்லாயிரம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கிடந்தார்கள். அவர்களுக்கு 10 வருஷம் என்ற கணக்கெல்லாம் கிடையாது, சாகும்வரைக்கும்தான். அவர்களில் ஒருவரும் சாகசக் கதையின் நாயகன் ஆகவில்லை. படித்தவன், வெள்ளைக்காரன், தவறுதலாக அடிமையானவன் என்றால்தான் அடிமைத்தனம் அநியாயமாகத் தெரிந்தது போல. மணிமாறனும் வைத்தியன்தானே.

நம் பக்கத்துக்கு வருவோம். ‘நெய்தல் நாடு’ கற்பனை. ஆனால் நெய்தல் நிலத்துக்காரர்களைக் கப்பலேற்றி விற்றது கற்பனை இல்லை. 1658ல் டச்சுக் கம்பெனி தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த சில வருஷங்களிலேயே தஞ்சைப் பக்கம் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் போனார்கள். 1673லிருந்து 1677 வரை மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,800க்கும் மேற்பட்டவர்கள். பிட்மன் கப்பலேறுவதற்குப் பத்து வருஷம் முன்னால், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு காலைப்பொழுதில் போய்விடக்கூடிய கடற்கரையில் இது நடந்தது. கம்பெனிக் குறிப்பேடுகளில் அவர்கள் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். பிட்மனுக்குக் கிடைத்த அச்சகம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பந்துலு இதையெல்லாம் நினைத்து எடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ‘கர்ணன்’ எடுத்ததற்குப் பிறகு எம்ஜிஆருக்கு ஒரு கலர் படம் எடுத்தார், அவ்வளவுதான். இருந்தாலும் கங்காணி பின்னால் கப்பலேறிப் போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் அன்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கார்வார் கடலில் கப்பல் மேல் நின்று எம்ஜிஆர் விடுதலை என்று பாடியபோது அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது வேறு கதை. 1967ல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். பத்து வருஷம் கழித்து, எங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் எம்ஜிஆர் முதலமைச்சர் ஆனார்.

படத்துக்குத் திரும்புகிறேன். கொள்ளையர்கள் கன்னித்தீவைத் தாக்க வருகிறார்கள். தீவைக் காப்பாற்றிக் கொடுத்தால் விடுதலை என்று அடிமைகளுக்குத் தலைவன் வாக்குக் கொடுக்கிறான். சண்டை போட்டு ஜெயித்துக் கொடுத்ததும் வாக்கை மாற்றிவிடுகிறான். அதுவரை வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “இந்தா, மாத்திட்டாம் பாரு” என்றார், ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி. அடுத்து அடிமைகள் கப்பலில் தப்பிக்கும் இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டார்.

“ஏய்யா, இது நான் பாக்கலையே.”

“நீங்க எத்தனையோ தடவை பாத்த படம்னு அப்பா சொல்வாங்களே?”

“எங்க முழுசாப் பாத்தேன்? பாதியிலயே எங்க அம்மா கூட்டியாந்துருவா. விடியமுன்ன ஆபீஸ் பஸ் வந்துருமில்ல.”

ஆபீஸ் என்றால் எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். அம்மாவுக்கு அப்போது ஒன்பது பத்து வயது. விடிவதற்கு முன்னால் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை, அடுக்குகிற கணக்குக்குக் கூலி. தாத்தா கிணறு வெட்ட ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அது தீரும்வரை அம்மா போயாக வேண்டும். தீரும்போது சித்தி கல்யாணம் வந்தது, இன்னொரு அட்வான்ஸ். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாகத் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பர் 10ல். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னை அந்த பஸ்ஸில் ஏற்றவே கூடாது என்று அம்மா அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

ஐம்பது வருஷமாக அம்மாவுக்குத் தெரிந்த ‘ஆயிரத்தில் ஒருவ’னில், வாக்கு மாறியபின் அடிமைகள் அந்தத் தீவிலேயே இருந்தார்கள்.

மீதிப் படத்தை நாங்கள் இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்த்தோம். நம்பியாரோடு கத்திச் சண்டை வந்தபோது நான் ஒளிப்பதிவைப் பற்றி ஏதோ சொல்லப்போனேன். “சும்மா இருய்யா” என்றார் அம்மா.